‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குள் இருப்பது: புதிய தடுப்பூசியும் மக்களின் தயக்கமும்

2020 டிசம்பர் 30 அன்று தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் சுகாதார ஊழியர்களுக்கு ஊசி போடப்பட்டதுடன் சிங்கப்பூரில் கொவிட்-19 தடுப்பூசிப் பணி தொடங்கியது. அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தவர்கள் மின்தூக்கியிலும் தேக்கா சந்தையிலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: “உங்கள் முறை வந்தால் போட்டுக்கொள்வீர்களா?” எனக்குத் தெரிந்தவர்களில் “மாட்டேன்” என்று அடித்துச் சொன்னவர்கள் மிகச் சிலர், “உடனே போட்டுக்கொள்வேன்” என்றவர்களும் அதிகமில்லை. பெரும்பாலானோர் சொன்ன பதில் “பார்க்கலாம்.” தமிழில் இந்தச் சொல்லுக்குப் பொருள் பல. பாதி சம்மதித்துவிட்டவரும் பார்க்கலாம் என்பார். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராதவரும் அதையே சொல்வார். நாலு பேர் போட்டுக்கொள்ளட்டும், பிறகு யோசிப்போம் என்று எண்ணுபவருக்கும் அதே சொல்தான் வாயில் வரும். பொதுச் சுகாதாரத் துறையினர் ‘தடுப்பூசித் தயக்கம்’ என்று குறிப்பிடுவது ஏறக்குறைய இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2014இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. தடுப்பூசி கிடைக்கும் நிலையிலும் அதை ஏற்பதில் ஒருவர் காட்டும் தாமதமோ மறுப்போதான் தயக்கம் என்பது அதன் சாரம். இந்த வரையறையில் ‘தாமதம்’ என்ற சொல் முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். எல்லாத் தடுப்பூசிகளையும் எல்லாக் காலத்திலும் எதிர்ப்பவர்கள் ஒரு முனையில் சிறு கூட்டமாகவும், சொன்ன நாளில் வந்து கையை நீட்டுபவர்கள் மறுமுனையில் பெருங்கூட்டமாகவும் நிற்க, இடைப்பட்ட பரப்பில் பலவிதமான மனிதர்கள் இருக்கிறார்கள்: பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி தவறாமல் போட்டுவிட்டுப் புதிய ஊசிக்கு மட்டும் யோசிப்பவர்கள், ஒரு வகை ஊசியை ஏற்று இன்னொரு வகையை ஏற்காதவர்கள், மனம் ஒப்பாமலேயே போட்டுக்கொண்டவர்கள். தயங்குபவரை எதிர்ப்பாளர் என்று எண்ணிப் பேசத் தொடங்கினால், அவர் கேட்க நினைத்த கேள்வி நம் காதில் விழாமலேயே போய்விடும். 2021இல் சில மாதங்கள் எங்கள் வட்டாரத்தில் மூத்தோரின் வீடுகளுக்குச் சென்று பேசிய தொண்டூழியர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே நிபுணர் குழு தயக்கத்தின் வேர்களை மூன்றாகப் பிரித்தது. முதலாவது நம்பிக்கை: ஊசியின் மீதும், அதைத் தயாரிப்பவர், பரிந்துரைப்பவர், போடுபவர் ஆகியோரின் மீதும் உள்ள நம்பிக்கை. இரண்டாவது, நோய் தன்னைத் தீண்டாது என்ற மெத்தனம். மூன்றாவது வசதி: ஊசி போடும் இடத்தின் தூரம், நேரம், செலவு, மொழி. பிற்கால ஆய்வாளர்கள் இவற்றோடு வேறு சிலவற்றையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், தொடக்கத்தில் இந்த மூன்றும் போதும். மெத்தனம் என்ற சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே சொல்லலாம்.

ஈசூனில் ஒன்பதாவது மாடியில் ஓர் ஈரறை வீடு. 78 வயதுப் பாட்டி, இரவு வேலைக்குச் செல்லும் மகன். 2021 ஜூன் மாதம் நான் முதல்முறை கதவைத் தட்டியபோது, இரும்புக் கதவைத் திறக்காமலேயே அவர் சொன்னார்: “நான் மார்க்கெட்டுக்கே வாரத்துல ஒரு நாள்தான் போறேன் தம்பி, எனக்கு எதுக்கு ஊசி?” அன்று நான் எடுத்துச் சென்ற குறிப்பேட்டில் இந்தப் பதிலை மெத்தனம் என்ற வகையில்தான் சேர்த்திருக்க முடியும். இரண்டாம் முறை உள்ளே அழைத்தார். மேசை மீது கிழமை வாரியாகக் கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டி. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டி, “இதோட அது ஒத்துக்குமா?” என்று கேட்டார். அது மருத்துவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, நானாக எதையும் சொல்லக் கூடாது என்பதால், அவர் வழக்கமாகச் செல்லும் பலதுறை மருந்தகத்தில் மறுமுறை போகும்போது கேட்கும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படியும் பாட்டி போகவில்லை. மூன்றாம் முறைதான், தேநீர் குடித்து முடித்த பிறகு, உண்மையான காரணம் வெளியே வந்தது: “ரெண்டாவது ஊசிக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வருதாமே. ராத்திரி படுத்துட்டா ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஆள் வேணும்ல?”

அவருடைய தயக்கத்தின் முழு உருவமும் இதுதான். தான் தனியாக இருக்கும் ஓர் இரவை நினைத்து அந்த மூதாட்டி கணக்குப் போட்டிருக்கிறார். அதில் மெத்தனம் எங்கே இருக்கிறது? அறிவியலில் அவருக்கு அவநம்பிக்கையும் இல்லை. மகனுக்கு விடுப்பு இருக்கும் இரண்டு நாள்களைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். அப்போது 60 வயதைக் கடந்தவர்கள் முன்பதிவு இல்லாமலேயே தடுப்பூசி நிலையத்துக்குச் செல்லலாம் என்ற ஏற்பாடு இருந்ததால், அருகிலிருந்த சமூக மன்றத்தில் வேலை எளிதாக முடிந்தது.

எல்லாக் கவலைகளும் இப்படிச் சுடுதண்ணீரோடு தீர்ந்துவிடுவதில்லை. புதிய பெருந்தொற்றுத் தடுப்பூசி என்றதும் முதலில் எழுவது அதன் வேகத்தைப் பற்றிய ஐயம். அதற்குமுன் மிக விரைவாக உருவான தடுப்பூசிகளில் ஒன்றான பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கு 1960களில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. கொவிட் கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசி சிங்கப்பூரில் அனுமதி பெற்றுவிட்டது. பதினொரு மாதத்தில் எப்படி என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கான பதில் ‘அவசரம்’ என்ற ஒரே சொல்லில் இல்லை. இந்த ஊசியின் அடிப்படையான எம்ஆர்என்ஏ முறை, அதாவது கிருமியின் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் குறிப்பை நம் உயிரணுக்களுக்கு அனுப்பும் முறை, பற்றிய ஆய்வு பல பத்தாண்டுகள் பழையது. அறிவியலாளர்கள் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் வெளியிட்ட கண்டுபிடிப்பே அதற்கு வழி திறந்தது, 2023இல் அவர்களுக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்த 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோய்க்குப் பிறகு (அதுவும் ஒரு கொரோனா கிருமியால் வந்ததுதான்), கொரோனா கிருமியின் முள் போன்ற புரதத்தைத்தான் குறிவைக்க வேண்டும் என்ற அறிவும் சேர்ந்திருந்தது. வழக்கமாக ஒரு கட்டச் சோதனை முடிந்து, பணம் திரட்டி, அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இம்முறை கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தினார்கள், பலன் தெரியும் முன்பே தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. தோற்றிருந்தால் நட்டம் பணத்தோடு போயிருக்கும். மேலும், நோய் எங்கும் பரவிக்கொண்டிருந்த காரணத்தால், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. அரிதான நோயாக இருந்தால் அதற்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஊசி நம் மரபணுவை மாற்றிவிடுமா என்ற கேள்வியும் இதையொட்டியே வரும். எம்ஆர்என்ஏ என்பது ஒரு சமையல் குறிப்பைப் போன்றது. உயிரணுவுக்குள், அதன் உட்கருவுக்கு வெளியே, அதைப் படித்து முள்புரதம் தயாரிக்கப்படுகிறது, மரபணு இருக்கும் உட்கருவுக்குள் அது நுழைவதில்லை, குறுகிய காலத்தில் சிதைந்தும் விடுகிறது. இந்த விளக்கத்துக்குப் பிறகும் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் பழைய முறையில் உருவான சினோவேக் ஊசி 2021 ஜூனில் சிங்கப்பூரின் தனியார் மருந்தகங்களுக்கு வந்தபோது அங்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் தடுப்பூசியை மறுத்தவர்கள் அல்லர், பழகிய முறையில் வந்த தடுப்பூசிக்காகக் காத்திருந்தவர்கள். வேறு வகை ஊசியும் கிடைக்கும்படி செய்வது தயக்கத்துக்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்தது பக்கவிளைவு. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் மக்களைச் சமாதானப்படுத்த விரும்புபவர்களே இங்கு அதிகம் தவறிவிடுகிறார்கள். ஃபைசர் ஊசியின் பெரிய சோதனையில் ஏறத்தாழ 44,000 பேர் பங்கேற்றார்கள்; அவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான ஊசி. ஒரு விளைவு நூறு பேரில் ஒருவருக்கு வருமானால் இந்தச் சோதனையில் நிச்சயம் தெரிந்துவிடும். ஒரு லட்சத்தில் ஒருவருக்கு வருமானால், 22,000 பேரில் அது ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போகலாம். ஆகவே மிக அரிதான விளைவுகள், லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்ட பிறகே புலப்படும். இது புதிய செய்தியன்று. 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி சுமார் 4.5 கோடிப் பேருக்குப் போடப்பட்டபோது, நரம்புகளைத் தாக்கும் கிலான்-பாரே நோய் ஏறக்குறைய ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாகத் தென்பட்டு, திட்டமே நிறுத்தப்பட்டது. 2009இன் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றில் ஐரோப்பாவில் பயன்படுத்தப்பட்ட ஒரு தடுப்பூசி, சில பிள்ளைகளுக்கும் இளையருக்கும் அடக்க முடியாத உறக்க நோயை ஏற்படுத்தியதை முதலில் கண்டறிந்த நாடுகள் பின்லாந்தும் சுவீடனும். “புதிய தடுப்பூசியால் இதுவரை ஒரு தீங்கும் வந்ததில்லை” என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் நல்லெண்ணத்தோடு பொய் சொல்கிறார்.

சிங்கப்பூரிலும் இது நடந்தது. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, அரிதாக இதயத் தசை அழற்சி ஏற்படுவது தெரியவந்ததும், ஊசிக்குப் பின் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று சுகாதார அமைச்சு அறிவுறுத்தியது. பின்னர் அதை இரண்டு வாரமாக்கியது. 2021 ஜூலையில் பதின்ம வயது இளையர் ஒருவர் முதல் ஊசிக்குச் சில நாள்கள் கழித்து, எடை தூக்கிப் பயிற்சி செய்தபின் இதயத் துடிப்பு நின்று சரிந்தார். அதற்குக் கடுமையான இதயத் தசை அழற்சி காரணமாக இருக்கக்கூடும், அதில் தடுப்பூசிக்கும் பங்கிருக்கலாம் என்று அமைச்சு வெளிப்படையாகவே அறிவித்து, தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்படுவோருக்கான நிதி உதவித் திட்டத்தின் உச்சத் தொகையான 225,000 வெள்ளியை வழங்க முன்வந்தது. அந்தச் செய்தி வெளியான வாரத்தில் பெற்றோர் பலர் கலங்கிப்போனார்கள். எனக்கும் பள்ளியில் படிக்கும் மகன் இருந்தான், நானும் கலங்கினேன். ஆனால் தீங்கை மறைக்காமல் சொல்லி, அதற்கான இழப்பையும் ஏற்கும் ஓர் ஏற்பாடு இருப்பதை அறிந்த பிறகுதான், “அரிது” என்று அவர்கள் சொன்ன சொல்லை என்னால் நம்ப முடிந்தது.

ஊசிக்குப் பின் நடந்ததெல்லாம் ஊசியால் நடந்ததா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம், ஆனால் துயரம் நேரும்போது அது நினைவுக்கு வருவதில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். 17ஆம் தேதி காலையில் மாரடைப்பால் காலமானார். அன்று சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் கைபேசிகள் ஓயவே இல்லை. அவர் மீது வைத்த அன்பும் அதிர்ச்சியும் சேர்ந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வியாகச் சுற்றின. என் மாமியார் தமக்குக் குறித்திருந்த நாளை மறுநாளே தள்ளிப்போட்டார். விவேக் போட்டுக்கொண்டது, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த இந்திய ஊசியான கோவேக்சின். சிங்கப்பூரில் அப்போது போடப்பட்டவை ஃபைசரும் மொடர்னாவும். இரண்டும் வெவ்வேறு வகை என்பதை அந்தச் செய்திகளில் எதுவும் சொல்லவில்லை. பின்னர் இந்தியாவின் ஆய்வுக் குழு அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று முடிவுசெய்தது, ஆனால் அந்தச் செய்தி வந்தபோது அதே ஆண்டின் அக்டோபர் மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்புகள் பதிவாகின்றன. அதாவது ஒரு நாளைக்கு முப்பதுக்கு அருகில். ஒரு நாட்டின் பெரும்பாலான மக்களுக்குச் சில மாதங்களில் ஊசி போடும்போது, எப்படியும் வந்திருக்கக்கூடிய மாரடைப்புகளில் சில ஊசிக்கு அடுத்த நாளிலோ அடுத்த வாரத்திலோ விழுந்தே தீரும். எனவே நிபுணர்கள் ஒருவரின் கதையை மட்டும் பார்ப்பதில்லை. ஊசி போட்டவர்களிடையே அந்த நோய் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். இதயத் தசை அழற்சியில் கூடியிருந்தது, அதனால் எச்சரித்தார்கள்.

“போட்டுக்கொண்டவர்களுக்கும் வருகிறதே, பிறகு எதற்கு?” என்பது 2021 இறுதியில் டெல்டா வகைக் கிருமி பரவியபோது அதிகம் கேட்ட கேள்வி. இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஆயிரம் பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோய் தொற்றினால், போட்டவர்களில் நூற்றுக்கு இருவரும் போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரும் மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும் என்போம். அனைவருக்கும் தொற்றினால் மருத்துவமனையில் இருப்பவர்கள்: போட்டவர்கள் 18, போடாதவர்கள் 10. “மருத்துவமனையில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்களே” என்று எழுதினால் அது பொய்யன்று. ஆயினும் ஊசி ஆபத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது என்ற உண்மை அந்த வாக்கியத்துக்குள் புதைந்துபோகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்கு எங்கும் இதுவே, ஊசி போட்டவர்கள் கூடக் கூட இந்தத் தோற்ற மயக்கமும் கூடும்.

மதம் சார்ந்த ஐயங்களைப் பொறுத்தவரை சிங்கப்பூரில் பதில் விரைவாகவே வந்தது. தடுப்பூசி வந்து சேருமுன்பே, 2020 டிசம்பரில், முஸ்லிம்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் தெளிவுபடுத்தியது; தமிழ் முஸ்லிம் நண்பர்கள் பலருக்கு அந்த ஒரு வழிகாட்டுதலே போதுமானதாக இருந்தது. தங்கும் விடுதிகளில் இருந்த, தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த ஊழியர்களின் நிலை வேறு. 2020இல் நோயின் முழு வீச்சையும் தாங்கியவர்கள் அவர்கள். ஊசியைப் பற்றிய செய்தியும் அச்சமும் அவர்களுக்குச் சிங்கப்பூரைவிட ஊரிலிருந்தே அதிகம் வந்தன. ஓர் ஊழியர் என்னிடம், “ஊசி போட்டா ரெண்டு நாள் வேலைக்குப் போக முடியாதாம், சம்பளம் புடிப்பாங்களாண்ணே?” என்றுதான் கேட்டார். ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவேயில்லை.

கட்டாயப்படுத்தினால் தயக்கம் தீருமா என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் அப்போது கொவிட் தடுப்பூசி இலவசமாகவும் விருப்பத்துக்குரியதாகவும் இருந்தது. ஆயினும் 2021 ஆகஸ்டிலிருந்து உணவகங்களில் அமர்ந்து உண்பதற்கும், அக்டோபரிலிருந்து உணவங்காடி நிலையங்களுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் செல்வதற்கும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற வேறுபாடு வந்தது. டிசம்பர் 8 முதல், தகுதியிருந்தும் விருப்பத்தின்பேரில் போடாதவர்கள் தங்கள் கொவிட் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டியதாயிற்று. மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நிலையை நாடு அந்த ஆகஸ்ட் மாத இறுதியிலேயே எட்டியிருந்தது. எஞ்சியவர்களில் பலரை இந்தக் கட்டுப்பாடுகள் நகர்த்தின. மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவற்றுக்கு நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கை நீட்டியவர் மனம் நீட்டியிருக்க மாட்டார். மனமில்லாமல் போட்டுக்கொண்ட ஒருவர், அடுத்த பெருந்தொற்றுக்கு வரும் புதிய ஊசியின் முன் நிற்கும்போது, இந்த முறை தம்மை யார் எப்படி நடத்தினார்கள் என்பதையும் நினைத்துப் பார்ப்பார்.

தயங்குபவர் நம் வீட்டிலேயே இருக்கும்போது என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, அவர் சொல்லும் முதல் காரணத்துக்கு உடனே பதில் சொல்லத் தொடங்காதீர்கள் என்பதுதான். “வேறு என்ன யோசிக்கிறீர்கள்?” என்று இன்னொரு முறை கேளுங்கள். நமக்குப் பதில் தெரியாத மருத்துவக் கேள்வியைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோக உதவுங்கள். ஒவ்வாமை போன்ற காரணங்களால் ஒருவர் உண்மையாகவே போட்டுக்கொள்ள முடியாதவராகவும் இருக்கலாம். பதில் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம்: அமைச்சர் சொல்லிக் கேட்காத ஒன்றை, பத்து ஆண்டுகளாக மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னால் கேட்பவர்கள் உண்டு.

ஈசூன் பாட்டிக்கு இரண்டாவது ஊசி போட்ட மறுநாள், சனிக்கிழமை மாலை, அவரைப் பார்க்கப் போனேன். இலேசான காய்ச்சல் வந்து போயிருந்தது. மகன் வைத்த மிளகு ரசம் அடுப்பில் இருந்தது. பொதுத் தாழ்வாரத்தில் எதிர் வீட்டுச் சீன மூதாட்டி தம் கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சீனம் தெரியாது, ஐம்பது ஆண்டுகளாக இருவரும் பேசிக்கொள்வது பழைய சந்தை மலாயில். பாட்டி சட்டைக் கையைச் சற்று மேலே தூக்கி, ஊசி குத்திய இடத்தைக் காட்டி, “சாக்கிட் சிக்கிட் சாஜா” என்றார். கொஞ்சம்தான் வலிக்கும் என்று பொருள். சீன மூதாட்டி அந்தக் கையை அருகில் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு எந்த சமூக மன்றம், எந்தப் பேருந்து என்று கேட்கத் தொடங்கினார்.